தாய் இருக்கிறாளா என்ற கேள்வி

தங்கச்சி,

இன்று காலை கோயில் மதிலில் சடங்கு முறைத் தாளை ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை, மாக்கஞ்சி வாசம் அடித்தது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்பது உனக்குத் தெரியும். விரலை வைத்து எங்கள் குடிக்குரிய நாளைத் தேடினேன். முதற்பானை வைப்பவள் என்று என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் மகளின் பெயர் இருந்தது. ஆக, நீ திருத்தாமலே போய்விட்டாய்.

தாய்வழியில் வரும் முறை இது. வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். போன தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அம்மா பானை வைத்தாள். நான் பக்கத்தில் நின்று நெருப்புத் தள்ளினேன். பால் பொங்கி ஆற்றுப் பக்கமாக வழிந்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்தது நீ என்று அந்தப் பார்வை சொன்னது. அதற்காகத்தான் இத்தனை காலம் இருந்தேன்.

பாடசாலைக் கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கணினியைத் தூக்கிக்கொண்டு என் குசினிக்குள் வந்தாயே, அதையும் மறக்கவில்லை. முறையைப் பற்றி வருடா வருடம் கோயிலில் சண்டை. கணினியில் ஏற்றிவிட்டால் அதுவே சொல்லிவிடும் என்றாய். முறை என் வாயில் இருந்தது, எழுத்து உன் விரலில் இருந்தது.

“சொல்லுங்ககா.”

“செத்த, பெத்த துடக்கு உள்ள வீட்டுக்கு முறையில்ல. அது அடுத்த வீட்டுக்குப் போகும். துடக்கு இல்லாட்டி, தாய் இரிக்காவா எண்டு பாக்கணும். இரிந்தா அவக்குத்தான். இல்லாட்டி மகளுக்கு.”

“மகளும் இல்லாட்டி?”

“தங்கச்சிட மகளுக்கு. அதுவும் தாய் கண்ணை மூடின பிறகுதான்.”

“உங்களப் போல.”

“ஓம், என்னப் போல. நான் பெத்ததெல்லாம் கடுவன்தானே.”

நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி திரையிலிருந்த கட்டங்களுக்கு மேலே தெறித்தது. நானும் சிரித்தேன்.

அதைக் கணினிக்கு நீ எழுதிய சூத்திரம் நீண்டுகொண்டே போனது. ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் அடைப்புக்குறிகளை மூடி மூடியே உனக்கு விரல் நொந்தது. “கோழிக் கரப்புக்குள்ள கரப்பு கவுத்த மாதிரி இரிக்கிகா. நாளைக்கு நானே பாத்தாலும் விளங்காது” என்றாய். பிறகு ஒரு நாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாய்.

“சுருக்கிட்டன்கா. உள்ளுக்குள்ள கிடந்ததையெல்லாம் வெளிய எடுத்து, ஒண்டுக்குக் கீழ ஒண்டா கேள்வியாப் போட்டுட்டன். மேல இரிந்து கேட்டுக்கொண்டு வரும். எதுக்கு ஓம் எண்டு வருதோ அதோட நிண்டுரும். கீழ பாக்காது.”

படிக்காத எனக்கும் அது விளங்கியது. நல்ல வேலை என்றுதான் சொன்னேன். கேள்விகளை எந்த வரிசையில் அடுக்கினாய் என்று கேட்கவில்லை. உன்னிடம் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

போன வருடக் கூட்டத்தில், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் இனி வரும் முறைகளை வாசித்தார். எங்கள் வீட்டு முறைக்கு உன் மகளின் பெயரைச் சொன்னார். எழும்பி, “நான் இன்னும் சாகல்லயே” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விகளை மேலிருந்து வாசிக்கச் சொன்னேன். துடக்கா என்பது முதலில் இருந்தது. அடுத்தது, மகள் இல்லையா? ஓம் என்றால் தங்கை மகள். தாய் இருக்கிறாளா என்ற கேள்வி அதற்கும் கீழே கிடந்தது. மகள் பெற்ற எவளுக்கும் அதனால் ஒரு குறையுமில்லை, அது கீழே இறங்கி அவளைக் கேட்டுவிடும். எங்கள் குடியில் மகள் இல்லாத தாய் நான் ஒருத்தி. என்னைக் கேளாமலே அது தாண்டிப் போய்விட்டது.

“கம்ப்யூட்டர் பிழை விடுமாகா?” என்று வண்ணக்கர் உன்னைப் பார்த்தார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. “சூத்திரம் சரி. அக்காக்கு வயசு போயிட்டு. முறை மறந்துட்டு” என்றாய்.

மறந்துவிட்டது! நீ பூப்பெய்திய அன்று எந்த நிறத்துச் சீலை உடுத்தியிருந்தாய் என்று கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். அந்த முறையை உனக்குச் சொல்லித் தந்ததே இந்த வாய்.

பிறகு ஒரு பின்னேரம் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தாய். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாய்.

“பிழை என்னிலதான்கா. மேல போட வேண்டியதக் கீழ போட்டுட்டன். அத்தன பேருக்கு முன்னால வாய் வரல்ல. தாள் ஒட்ட முதல் திருத்திருவன். ஆருக்கும் சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை. நீ மாரி மழைக்கு முன்பே போய்விட்டாய், அந்தத் துடக்கும் கழிந்துவிட்டது. செத்தவீட்டில் உன் தலைமாட்டில் இருந்து அழுதேன். அழுகையில் எவ்வளவு உனக்கு, எவ்வளவு அந்தப் பானைக்கு என்று எனக்கே தெரியாது.

இன்று தாளைப் பார்த்ததும் வண்ணக்கரிடம் போனேன். அந்த வரியை மேலே ஏற்றுங்கள் என்றேன். “செத்த மனிசிட கைபட்ட வேலகா. அதில ஆரு கை வைக்கிற?” என்றார். நீ என்னிடம் ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். வாய் திறக்க முடியாதவள் மேல் பழி போடுகிறேன் என்று நினைத்தார். சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

அங்கிருந்து நேரே உன் மகளிடம் போனேன். பானைக்குப் பூச வேண்டிய மஞ்சளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். பிழை உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா எனக்கும் சொன்னவ பெரியம்மா. இப்ப நான் சொன்னா அம்மாட பேர் போயிரும். கோயில்ல அவட படம் வைக்கப் போறாங்க. நீங்க வந்து பக்கத்தில நில்லுங்களன்.”

உன் குரல், அதே பயம். என் காலத்துக்குப் பிறகு அந்தப் பானை அவளுக்குத்தானே வந்திருக்கும்? நான் சொல்லித் தந்த முறைப்படியே வந்திருக்கும். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சடங்கன்று பறைச் சத்தம் என் வளவு வரை கேட்கும். வீட்டுக்குள்தான் இருப்பேன்.

முறை இனி எல்லா வீட்டையும் சுற்றித்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வரட்டும், அந்த வரியும் அதற்குள் மேலே ஏறட்டும். அதுவரைக்கும் சாகிற எண்ணம் எனக்கில்லை. அங்கே எனக்காகப் பாய் விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்காதே. வந்தாலும் உன்னோடு கதைப்பேனா என்பதை அப்போது பார்ப்போம்.

உன் அக்கா