தினமும் போகிறோம் என்று சொன்ன ஊர்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழு பத்து வண்டிக்கு நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டேன். இந்த ரயில் நிலையத்தில் பதினாறு வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி நடந்ததே இல்லை. பாவம், ஜனங்கள் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஓடி, மறுபடி இரண்டுக்கு ஓடி வந்தார்கள்.

எல்லாம் பேப்பரால் வந்தது. தலைநகரிலிருந்து துறைமுகத்துக்கு அதிவேக ரயில் வரப்போகிறதாம்! வரைபடத்தில் கோடு எங்கள் ஊர் தலைமேலேயே போகிறது. ஆனால் நிற்கும் ஊர்களுக்கு வைத்த புள்ளி எங்களுக்கு இல்லை. நிற்காமல் போகவா எங்கள் ஊர் வழியாக வருகிறது?

இப்போது தலைநகருக்கு ஆறு மணி நேரம். அது வந்தால் ஒன்றரை. என் வீட்டுக்காரர் அங்கே மின்வாரியத்தில் மேற்பார்வையாளர். எட்டு வருடமாக மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து போகிறார். ரயில் இங்கே நின்றால் தினமும் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அடுத்த வருடம் நானும் சின்னவளும் அங்கே போய்விட வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அப்புறம் என் மைக்?

மார்ச் 5, வியாழன்

பல் டாக்டர் தலைமையில் ரயில் கோரிக்கைக் குழு. கூட்டம் அவருடைய கிளினிக்கிலேயே. ஊரில் பாதிப் பேரை அவர் வாயைத் திறக்க வைத்துத்தான் சம்மதிக்க வைத்தார், அந்த நிலையில் யார் மறுத்துப் பேச முடியும்? நானும் உறுப்பினர்! கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

கணக்கெடுப்பு வருகிறது! நமக்கா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். எல்லோருக்கும் ஒரு சீட்டு, இரண்டே கேள்வி. இப்போது மாதத்தில் எத்தனை முறை தலைநகர் போகிறீர்கள்? புது ரயில் வந்தால் எத்தனை முறை போவீர்கள்?

"யாரும் ரெண்டு மூணுன்னு எழுதிக் கெடுத்துடாதீங்க. ரெண்டுக்கும் தினமும்னு எழுதுங்க. நம்ம ஊரோட மானம் இதுல இருக்கு" என்றார் டாக்டர். இதையே நோட்டீஸாக அடித்து வீடு வீடாகப் போட்டோம். எங்கள் தெருவுக்கு நான்.

மார்ச் 16, திங்கள்

என்ன கூட்டம், என்ன கூட்டம்! கடையெல்லாம் பூட்டிவிட்டு ஊரே நிலையத்துக்கு வந்துவிட்டது. கட்டிலை விட்டு இறங்காத அண்டை வீட்டுப் பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவரும் தினமும்தான் போகிறாராம். நானும் அப்படியே எழுதினேன். தினமும் மைக் முன்னால் இருப்பவள் தலைநகருக்கு எப்போது போவேன் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதோடு சரி.

மார்ச் 19, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

கணக்கெடுப்பு அதிகாரி ஒரு பெண், கண்ணாடி போட்டவர். நிலைய அதிகாரி அறையில் டாக்டரையும் என்னையும் உட்கார வைத்துச் சீட்டுக் கட்டுகளை மேஜையில் போட்டார். சீட்டுகளின்படி தினமும் போகிறவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். இங்கிருந்து தினமும் தலைநகருக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் ஆயிரத்து இருநூறு பேர்தான்.

"போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். உங்க ஊர்ல யாரும் தூங்குறதே இல்லையா?" என்றார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அதை விடுங்க. இப்பவும் தினமும், அப்பவும் தினமும்னு எழுதியிருக்கீங்க. அப்போ புது ரயிலால உங்களுக்கு என்னதான் மாறப்போகுது?"

ஐயோ, இது ஏன் எங்க யாருக்குமே உறைக்கல? அத்தனை பேர் இருந்தோமே! வீடு வீடா நானே போய்க் குடுத்தேனே. என் கையாலயே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

கணக்கெடுப்பு அதிகாரி பத்தே கால் வண்டிக்குக் கிளம்ப வந்திருந்தார். அறையை விட்டு ஓடினேன். "மேடம், நான் பொய் எழுதினேன். நான் வருஷத்துக்கு ஒரு தடவைகூட அங்க போறதில்ல. அவ்வளவு தூரம். எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை, மாசம் ரெண்டு தடவைதான் வர்றார். ஒன்றரை மணி நேரம்னா முப்பது நாளும் வந்துடுவார்" என்றேன். மூச்சிரைத்தது. அவர் பையைக் கீழே வைத்தார். "இதைத்தாங்க அந்தச் சீட்டுல கேட்டிருந்தோம்!"

வரும் வாரம் மறுபடி ஒரே ஒரு கணக்கெடுப்பு. இங்கேயும், தலைநகரில் எங்கள் ஊர் வண்டியிலும். குதிக்காத குறைதான்! அந்த அவசரத்தில் பத்தே கால் வண்டிக்கு அறிவிப்பே சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

நிலைய அதிகாரியிடம் அனுமதி வாங்கி மைக்கில் சொன்னேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சீட்டில் உண்மையை மட்டும் எழுதவும்." மூன்று தடவை. நடைமேடையே சிரித்தது. எழுதவும் எழுதியது. தையல்காரம்மா இப்போது பூஜ்யம், ரயில் வந்தால் நான்கு என்று எழுதினாள். அங்கே நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கவாம். முன்னால் எழுதிய 'தினமும்' அழியாமல் இருந்துவிடுமோ என்று அவளுக்குக் கவலை.

ஏப்ரல் 28, செவ்வாய்

புள்ளி வைத்துவிட்டார்கள்! எங்கள் ஊருக்கு! ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு இல்லை! தெருவெல்லாம் ஒரே கூச்சல், டாக்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். நாளைக்கு அறிவிப்பு யார் சொல்வார்களோ!

பிற்பாடுதான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். எங்கள் ஊர் இரண்டாம் கட்டம். ரயில் வர ஒன்பது வருடம்.

அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு.

மே 9, சனி

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த சண்டையை ஆரம்பிக்கவே விடவில்லை அவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு காகிதத்தை நீட்டினார். இந்த ஊர்த் துணை மின்நிலையத்துக்கு மாற்றல் உத்தரவு. ஒரு படி கீழே உள்ள பதவி.

"மார்ச் கடைசியில வண்டியில எனக்கும் அந்தச் சீட்டைக் குடுத்தாங்க. இப்போ ரெண்டு, அப்புறம் முப்பதுன்னு எழுதினேன். எழுதிட்டு அதையே பாத்துக்கிட்டு வந்தேன். முப்பது நாளும் வரணும்னா ரயில்காரன்தான் கூட்டிட்டு வரணுமா என்ன? திரும்பிப் போனதுமே மாற்றலுக்கு மனு போட்டேன்."

"பதவி இறங்குதே?"

"இறங்கட்டும். என்னைப் பாத்தா சின்னவ போய் விருந்தாளிக்கு வைக்கிற நல்ல டம்ளரை எடுத்துட்டு வரா. அதை விடவா?"

அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 1, திங்கள்

ரயிலுக்கு நிலம் அளக்க ஆள் வந்திருக்கிறார்கள். டாக்டர் அவர்களுக்குப் பல் வலி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றி மாட்டினார். பழக்கதோஷம், என் வாய் தானாகக் கேட்டது. "எப்ப கிளம்புறீங்க?"

"காலைல எட்டரைக்கு" என்றார்.