எனக்கென்று நீ வைத்திருந்த முதல் வரி

இன்று காலை திருவட்டாறு சந்திப்பில், நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற கடை முன்னால் போய் நின்றேன். தேங்காயெண்ணெய் காயும் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அப்புறம்தான் உன் நினைவு வந்தது. சாவு வீட்டுக்குச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போகிற பழக்கத்தை இந்த வயதில் என் தலையில் கட்டிவிட்டு, நீ பாட்டுக்குப் போய்விட்டாய். கடைக்காரர் பொட்டலம் கட்டியபடியே, "யாரு டீச்சர் போயிட்டாங்க?" என்று கேட்டார். நான் தின்பதற்காக வாங்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த அளவுக்கு ஊரைப் பழக்கி வைத்திருக்கிறாய்.

போனது நம் தையல்காரரின் மனைவி. ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் பாட்டை முடித்த பிறகும் தனியாக இழுத்துக்கொண்டிருப்பாளே, அவள்தான். விடிந்தும் விடியாமலும் அவள் மகள் என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். "டீச்சர், அம்மைக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதணும். நாலு மணிக்கு அடக்கம்" என்றாள். சரி மக்கா என்றேன். திரும்பிப் போகிறவள் நின்று, "நர்ஸக்கா எழுதுவாங்கல்லா, அதே மாதிரி" என்றாள். அழுது வீங்கின முகத்தோடு நிற்கிற பெண்ணிடம் என்ன சொல்ல முடியும்? உள்ளே வந்து சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் நான் உன்னை மாதிரி எழுத வேண்டுமாம்!

இந்தச் சபையில் யார் செத்தாலும், பெட்டியை மூடுவதற்கு முன்னால் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை எத்தனையோ வருஷமாக எழுதிவந்தது யார்? நான். தமிழ் டீச்சர். இன்னாருக்கு மகனாகப் பிறந்தார், இன்னாரை மணந்தார், அமைதியான சுபாவமும் விருந்தோம்பும் குணமும் உடையவர், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மற்றபடி என் கவிதைகள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தன. ஊரில் நான் எழுத்தாளர் என்றால், செத்தவர்களால்தான்.

அப்போதுதான் நீ குவைத்திலிருந்து திரும்பி வந்தாய். பள்ளிக்கூடத்தில் என் கட்டுரையைப் பார்த்து எழுதினவள் நீ. நர்ஸ் வேலைக்குப் போய், ஐம்பது தாண்டி, முட்டுவலியோடு வந்து சேர்ந்தாய். வந்த புதிதில் ஓர் அடக்கத்துக்குச் சேர்ந்து போனோம். தெருவில் ஒருத்தரையும் விடாமல் சண்டை பிடித்த மனிதர். அவரையும் நான் அமைதியான சுபாவம் உடையவர் என்றுதான் எழுதியிருந்தேன். கல்லறையிலிருந்து திரும்புகிற வழியில் நீ என் விலாவில் இடித்தாய்.

"ஏட்டி, நீ எழுதினா செத்தவங்க எல்லாம் ஒரே ஆளாக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு நான் மகளின் பிரசவத்துக்குச் சென்னைக்குப் போன நேரம் பார்த்து, நம்மூர் பஸ் கண்டக்டர் செத்தார். எழுத ஆளில்லை என்று உன்னிடம் வந்திருக்கிறார்கள். நீ வாசித்ததை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி வாசித்தாய்.

"கண்டக்டர் சாயங்காலம் ரெண்டு சாயா குடிப்பார். மூத்த மகன் வீட்டுல ஒண்ணு, இளையவன் வீட்டுல ஒண்ணு. அடுத்தடுத்த வீடுதான். ஆனா வழித் தகராறுல நடுவுல உள்ள கேட்டப் பூட்டியாச்சு. அதனால முட்டுவலியோட ரோட்டச் சுத்தித்தான் போவார். ரெண்டு வீட்டுலயும், இன்னும் சாயா குடிக்கல்லன்னே சொல்லுவார். அவருக்குச் சுகர் உண்டு. அவர் ரெண்டு சாயா குடிக்கியது ரெண்டு மருமக்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சீனி போடாமத்தான் குடுத்தாங்க. ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கிடல்ல."

சபை சிரித்தது. பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்! வீடியோவில் மூத்தவன் தம்பியைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அடக்கம் முடிந்து வந்ததும் மூத்தவனே அந்தப் பூட்டைத் திறந்தான் என்று சொன்னார்கள். எத்தனை போதகர்கள் வந்து ஜெபம் பண்ணியும் திறக்காத பூட்டு அது.

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழுவதற்காக என்று நினைத்துவிடாதே. எங்காவது நீ இடறுகிறாயா என்று பார்த்தேன். பொறாமை என்றால் லேசுப்பட்ட பொறாமை இல்லை. பேத்திக்கு வாங்கின கிரைப் வாட்டரை நானே எடுத்துக் குடிக்கலாமா என்கிற அளவுக்கு வயிறு எரிந்தது.

ஊருக்குத் திரும்பியதும், இவள் எப்படித்தான் செய்கிறாள் என்று பார்க்க அடுத்த சாவு வீட்டுக்கு உன் கூடவே வந்தேன். நீ நேராக அடுக்களைக்குப் போனாய். அழுது ஓய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் ஒரு தட்டில் சிப்ஸைக் கொட்டினாய். எனக்கு மானம் போயிற்று. சாவு வீட்டுக்கு யாராவது இதைக் கொண்டுவருவார்களா என்று உன் காதில் கடிந்துகொண்டேன். "அழுது அழுது வாய் கசந்து கிடக்கும் மக்கா. உப்பு பட்டா பேச்சு வரும்" என்றாய். எப்போது பிறந்தார், என்ன படித்தார் என்று ஒன்றும் கேட்கவில்லை. "யாருகூடச் சண்ட போடுவாரு?" என்று கேட்டாய், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்த அடுக்களையில் ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு பேசினார்கள்.

அதற்குப் பிறகு என்னை யார் தேடினார்கள்? துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்து அடக்கத்துக்கு வர முடியாத பிள்ளைகள், நீ எழுதினதை வாசித்துவிட்டு ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பனுக்கும் மாமிக்கும் போன் போட்டார்கள். நாகர்கோவிலில் ஒருவர் அதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகவே போட்டார். வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை யார்? இந்த டீச்சர்தான். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. கீழே இறங்கி வந்ததும் நீ என் கையைப் பிடித்து, "நான் என்னத்தட்டி எழுதினேன்? ராத்திரி டூட்டி ரிப்போர்ட் எழுதுன மாதிரி எழுதினேன்" என்றாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ கஷ்டப்பட்டு எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போதுதான் கேட்டேன், "நான் செத்தா என்ன எழுதுவ?" என்று.

"உனக்க மொதல் வரி எப்பமே ரெடியாக்கும்" என்றாய்.

"சொல்லு."

"கேக்கணும்னா நீ சாவணும்லா."

விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுடும்போது கேட்டேன், சபை அசன விருந்துக்குக் காய் நறுக்கும்போது கேட்டேன். "சொன்னா நீ சிவப்பு மையில திருத்திருவ, போ ஏட்டி" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தாய். உண்மைதான், திருத்தியிருப்பேன்.

கடைசியில் நீதான் முந்திக்கொண்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று போனவள் பெட்டியில் திரும்பி வந்தாய். உன் மகன் பெங்களூரிலிருந்து ஓடி வந்து, "ஆன்ட்டி, நீங்கதான் எழுதணும்" என்றான். நானும் ஒரு பொட்டலம் சிப்ஸை வாங்கிக்கொண்டு உன் அடுக்களையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண்கள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? அவரவர் வீட்டில் செத்தவர்களைப் பற்றி நீ எழுதினதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்திலேயே எழுதினேன். பிறந்த தேதியை எழுதவில்லை. "எனக்கு இருந்த ஒரே வேலையைப் பறித்துக்கொண்டவள் இவள்" என்று தொடங்கினேன்.

சபை சிரித்தது. நான் எழுதினதற்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உனக்குக் கேட்டிருக்குமோ என்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். கண்டக்டரின் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாக உன்னைத் தூக்கினார்கள். போகிற போக்கில் மூத்தவன், "டீச்சர், இது நீங்க எழுதினதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்த இடத்திலும் எனக்கு, இவளா எழுதியிருப்பாள் என்கிற பெயர்தான்.

இன்றைக்குத் தையல்காரர் வீட்டு அடுக்களையில் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. "அம்மை யாருகூடச் சண்ட போடுவா?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்த மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "பாட்டுக்காரங்ககூடத்தான் டீச்சர். அவங்க எல்லாம் வெப்ராளத்துல ஓட்டமா ஓடிப் பாடுதாங்கன்னு சொல்லுவா" என்றாள். அப்புறம் மருமகள் கையை நீட்டி ஒரு சிப்ஸை எடுத்தாள். பேச்சு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன். வாசித்தால் சிரிப்பார்கள், அழுவார்கள், நர்ஸக்கா எழுதினது மாதிரியே இருக்கிறது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடக்கத்துக்குப் புறப்பட இன்னும் நேரம் இருப்பதால் உனக்கு இதை எழுதுகிறேன். உன்மேல் இருந்த பொறாமை இப்போது இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல வரவில்லை, இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பொறாமை அந்தக் கண்டக்டர்மேல்தான். தெருச் சண்டைக்காரர்கள், குடிகாரர்கள் என்று நீ எழுதி அனுப்பிவைத்த அத்தனை பேர்மேலும்தான். பெட்டியில் படுத்துக்கொண்டு அவர்களுக்கு எப்படிப்பட்ட வரிகள் கிடைத்தன! நான் போகும்போது யாராவது என் பழைய தாளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அமைதியான சுபாவம் உடையவர் என்று வாசிக்கப்போகிறார்கள்.

எனக்கென்று ஒரு வரி இருந்தது. அதையும் நீ கையோடு கொண்டுபோய்விட்டாய். சொல்லியிருக்கலாம் ஏட்டி. நான் திருத்தியிருக்க மாட்டேன்.