மூன்று நாள் பிளாஸ்திரி

யோவ் கண்டக்டரே,

இன்று காலை என் முழங்கால் வலிக்காக வீட்டில் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். சூட்டில் துணி கருகும் வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், "எடுத்துட்டுப் போ அந்தக் கருமத்த!" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரி ஒன்றும் புரியாமல் மூட்டையோடு நின்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? உன் விஷயத்தில் நான் செய்ததை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் பத்தொன்பது வருஷம் நான் பஸ் ஓட்டினேன், நீ விசில் ஊதினாய். எனக்கு எப்போதும் அவசரம். கூடையோடு வரும் கிழவி படியில் கால் வைப்பதற்குள் வண்டியை நகர்த்திவிடுவேன். பின்னாலிருந்து உன் சத்தம் வரும்: "ஏறுறவங்கள நான் பாத்துக்கறேன், நீ ரோட்டப் பாரு டிரைவரே!" ஒரு நாளைக்கு நாலு சண்டையாவது போடுவோம். டிரிப் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்போம். அந்த ருசியில் ஒரு டீ இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

ரிடையர் ஆன பிறகு உன்னை நிம்மதியாக இருக்கவிட்டதா அந்தப் பாழாய்ப்போன புற்றுநோய்? இடுப்பெலும்பு வரைக்கும் பரவிவிட்டது. விழுங்கிய மாத்திரை உள்ளே நிற்காமல் வாந்தியாக வந்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா உன் மார்பில் அந்தப் பிளாஸ்திரியை ஒட்டினார். கண்ணாடித்தாள் போல மெல்லிசு. மூன்று நாளைக்கான வலி மருந்தை அது சுமந்துகொண்டிருக்கிறது, தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும், முழுசாக வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்றார்.

"வலி இடுப்புல, ஒட்டறது மாருல. இன்னாம்மா இது?" என்று நான் கேட்டேன்.

நர்ஸம்மாவுக்கு முன்னால் நீ முந்திக்கொண்டாய். "டவுன் பஸ்சுய்யா இது. எங்க ஏத்துனா இன்னா, ரத்தம் எல்லா ஊருக்கும் போவுது. ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா எறக்கி உடும்." அந்த வலியிலும் உனக்குக் கிண்டல்.

மறுநாள் உன் சம்சாரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தங்கச்சி என்றுதானே அவளை நான் கூப்பிடுவேன், அவள் இல்லாத நேரத்தில் உன்னை என்னை நம்பித்தான் விட்டுப்போனாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாய். எனக்குப் பொறுக்கவில்லை. முதுகு வலித்தால் முதுகில்தானே ஒட்டுவோம், இதென்ன கூத்து என்று மார்பில் இருந்ததைப் பிய்த்தேன். உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின் இடுப்பில் வலிக்கிற இடத்திலேயே ஒட்டி அழுத்தினேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்து உப்பை வறுத்துத் துணியில் முடிந்தேன்.

"சூடு படக் கூடாதுன்னு நர்ஸம்மா இன்னாவோ சொன்னாங்களேய்யா" என்றாய்.

"ஒத்தடம் குடுத்து எவன்யா செத்தான்? சும்மா படு."

ஆமாம், இதே வாயால்தான் சொன்னேன்.

அரை மணி நேரம் அந்தப் பிளாஸ்திரியின் மேலேயே ஒத்தடம் கொடுத்தேன். உன் முகம் தளர்ந்தது. குறட்டை வந்தது. எத்தனை நாள் கழித்துத் தூங்குகிறாய் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஈ விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி வந்து உன்னை உலுக்கினாள். நீ எழவில்லை. மூச்சு எப்போதாவது ஒன்று வந்தது. "அத மொதல்ல பிச்சி எடுங்க, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!" என்று நர்ஸம்மா போனில் கத்தினார். ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள். தோலுக்கடியில் இறங்கிவிட்ட மருந்து தீரும்வரை ஒரு நாள் முழுக்க உன்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

சூடு பட்டதில் மருந்து தாறுமாறாக இறங்கி மூச்சையே அமுக்கிவிட்டது, யார் செய்த வேலை இது என்று டாக்டர் கேட்டார். நீதான் இமையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, "நான்தான் சார். வலி தாங்கல, நானே எடுத்து ஒட்டிக்கினேன்" என்றாய். தங்கச்சி உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனுஷன் நான்! அவள் அந்தப் பக்கம் போனதும் நீ மெதுவாகச் சொன்னாய்: "ஒரே ஸ்டாப்பிங்ல எல்லாரையும் தள்ளி உட்டுட்டியே டிரைவரே." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

அதோடு விட்டாயா? வீட்டுக்கு வந்தபின் நர்ஸம்மா புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தபோது, "டிரைவரு ஒட்டட்டும். அவருக்குக் கத்துக் குடுங்க" என்றாய். வேண்டாமய்யா என்று கும்பிட்டேன். நீ கேட்கவில்லை. அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலை ஏழு மணிக்கு வருவேன். பழையதை எடுத்து மடித்து வைப்பேன். வேறு இடம் பார்த்து, வெறும் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, புதியதை ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பேன். மேலே தேதி எழுதுவேன். நீ என் கையைப் பார்க்கவே மாட்டாய். ஜன்னல் வழியாகக் கோட்டை மலையைப் பார்த்தபடி, "இத்தன வருசம் கூட்டத்துக்கு நடுவுலயே நின்னுட்டேன்யா, மலைய இப்பதான் பாக்கறேன்" என்பாய். அப்புறம் பழைய பாசஞ்சர் கதைகள். வலி இல்லாமல் நீ பேசிய அந்த நாலு மாதத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒட்டியதில் இன்னும் ஒரு நாள் மருந்து மிச்சமிருந்தது. நீ இருக்கவில்லை.

உன்னை எடுத்த மறுநாள், காலை ஏழு மணிக்கு என் கால் தானாக உன் வாசலுக்கு வந்துவிட்டது. பிளாஸ்திரி மாற்றவேண்டிய நாள். தங்கச்சி கதவைத் திறந்தாள். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கி இடுப்புல ஒட்டுனது அவன் இல்ல. நான்தான். ஒத்தடம் வெச்சதும் நான்தான்."

"தெரியும்ணே. அவருக்கு அங்க கை எட்டாது."

"தெரிஞ்சுமா அப்புறமும் என்னையே ஒட்ட உட்டே?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் ஒரு நாளாச்சும் தப்பா ஒட்டுனீங்களாண்ணே?"

இல்லையய்யா. ஒரு நாள்கூட இல்லை.