அப்பாவிடம் சொல்லாத பெயர்

அன்புள்ள துவ்ஷின் அண்ணா,

இங்கே மந்தை கொழுத்திருக்கிறது, புல்லுக்கும் குறைவில்லை. கொரியாவில் உன் உடம்பும் வேலையும் அப்படியே நன்றாக இருக்கட்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் போன் பேச ஏறினால் பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள், எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் உடம்பைப் பற்றித்தான். முதலில் என் கண்ணில் பட்டது அவர் குதிரையில் உட்காரும் விதம். நெடுந்தூரம் போனால் நாம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து மாறி உட்காருவோம், அவரோ கோடை முழுவதும் இடப்பக்கமே சாய்ந்து வந்தார். கேட்டதற்குச் சேணம் சரியில்லை என்றார். வேறு சேணம் போட்டுக் கொடுத்தேன், அப்போதும் அப்படித்தான். ஊர் மையத்துக்கு மருத்துவக் குழு வந்தபோது, ஊசி குத்திக்கொள்ளப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்று பொய் சொல்லி அழைத்துப் போய் அவரையும் பார்க்க வைத்தேன். எனக்கு ஒன்றுமில்லை. அவர் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி, ஸ்கேனில் ஈரலில் ஒரு நிழல். தலைநகர் உலான்பாத்தருக்குக் கூட்டிப்போனோம், அங்கே நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். புற்றுநோய், அண்ணா. நாம் உருட்டி விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்பு அளவில் ஒரே கட்டி, ரத்தக்குழாயைத் தொடவில்லை, இப்போது வெட்டி எடுத்துவிடலாம், கிருமிக்கு மாத்திரையும் உண்டு, குளிர்காலம் தாண்டினால் வெட்ட முடியாமல் போகலாம் என்றார் மருத்துவர்.

இதை டோர்லிக் மாமாவையும் என்னையும் வெளியே கூப்பிட்டுத்தான் சொன்னார், இங்கே நோயாளியிடம் நேரே சொல்ல மாட்டார்களே. மாமா உள்ளே போய்ப் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார், பேரைச் சொன்னால் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிறார். அப்பாவோ, “கல்லுதானே, அதுவும் நம்மகூடக் குளிர்கால இடத்துக்கு வரட்டும், வசந்தத்துல பாத்துக்கலாம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கிறார். அறுவைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கும் நாள் வரும் புதன்கிழமை. சாணம் பொறுக்கப் போய்க் கூடையைக் காலியாகவே தூக்கி வருகிறேன், பால் இரண்டு தடவை பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் மாமாவை மீறிப் பேசுவதா, நீயே அப்பாவிடம் சொல்லிவிடு என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இது உன் கைக்கு வருவதற்குள் புதன் போய்விடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நீயும் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார், தள்ளிப்போடாதே. கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள். அம்மா தினமும் காலையில் முதல் தேநீரை உன் திசையில்தான் தெளிக்கிறார், அது உன்னைக் காக்கும்.

இத்துடன் முடிக்க இருந்தேன். அப்பா உள்ளே வந்து, அண்ணனுக்கா, என் கல்லைப் பற்றியும் எழுதிவிட்டாயா என்று கேட்டார். நான் எழுந்து, நோயின் பேரும் நாளும் எழுதி மருத்துவர் கொடுத்த சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். “கல்லு இல்லப்பா. ஈரல்ல புற்றுநோய். புதன்கிழமை போனா வெட்டி எடுத்துடலாம்” என்று சொன்னேன்.

உன் தங்கை,
உயங்கா