நான் அறுத்த காப்பு

என் ஆசை மாப்ள செல்வத்துக்கு,

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னை அங்கே அனுப்பியதில் என் கையும் இருக்கிறது. ஆனாலும் நேற்று நம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து முடிந்தது. அந்தச் சேதியை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

கூத்தில் எப்போதும் நீதான் ரதி வேஷம், நான்தான் மன்மதன். மாசி பிறந்தால் கூத்து மாஸ்டர் நம் இரண்டு பேருக்கும் காப்புக் கட்டுவார். அது கையில் இருக்கும்வரை சாராயம் தொடக்கூடாது. எப்பேர்ப்பட்ட குடிகாரனும் அந்த நாட்களில் சாமிக்குப் பயந்து அடங்கிக் கிடப்பான். காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்ட அன்று சாயங்காலமே நாம் பொகவந்தலாவை பஜாருக்கு பஸ் ஏறிவிடுவோம்.

ஒரு வருஷம் மட்டும் நீ ஏறவில்லை. சாமிக் காப்பு இருந்த இடத்தில் நீயே ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். "இது என்னோட காப்பு மச்சான். மொதல்ல சம்பளம் வரைக்கும். அது முடிஞ்சா தீவாளி வரைக்கும். அப்புறம் அடுத்த காமன் வரைக்கும்." சொன்னபடியே சம்பள நாள் ஒவ்வொன்றையும் தாண்டினாய். உன்னைக் கட்டிக்கொண்ட என் தங்கச்சி ஜோதி அந்த மாதங்களில் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூடக் குடிக்க ஆளில்லாமல் போன எரிச்சல், வேறென்ன?

அந்தத் தீபாவளி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? லயத்துக்குப் பின்னால் ஆட்டிறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். கத்தி என் கையில் இருந்தது, எனக்கு ஏற்கெனவே ஏறியிருந்தது. "தீவாளிக்குமா விரதம்? எந்தங்கச்சி சேலையக் கட்டிக் கட்டி நெசமாவே ரதியாயிட்டியாடா மாப்ள?" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றை அறுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். வெறும் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் நான் நீட்டிய கிளாசை வாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ கயிறு கட்டவே இல்லை. வயிறு ஊதி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் என்னைப் பார்த்து, "சாப்ட்டியா மச்சான்?" என்றுதான் கேட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே, பாவி! உன்னைத் தூக்கிய அன்றும் நான் குடித்துவிட்டுத்தான் தோள் கொடுத்தேன். அன்றிலிருந்து ஜோதி என்னோடு பேசவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் பாதிக் குடத்தோடு போய்விடுவாள். நான் அறுத்தது உன் கயிற்றை மட்டும்தானா?

பிறகு நானும் ஒரு கயிறு கட்டினேன். உன்னைப்போலத் தீபாவளி வரைக்கும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டில் கை நடுங்காமல் நின்றால் போதும் என்று ஆரம்பித்தேன். அடுத்தது, பஜாரில் பாருக்கு முன்னால் பஸ் நிற்கும்போது இறங்காமல் இருப்பது. நடுவில் ஒரு தரம் வழுக்கினேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குடித்தேன். சாமிக்குத் தெரியாதாம்! மறுநாள் வெட்கத்தோடு திரும்பக் கட்டினேன். கடைசியாக எனக்கென்று ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டேன். ரதி வேஷத்துக்கு நீ கட்டுவாயே, ஜோதியின் சிவப்புச் சேலை, அதை அவளிடம் போய்க் கேட்கிற யோக்கியதை எனக்கு வரவேண்டும்.

இந்த மாசியில் போய்க் கேட்டேன். "ஜோதி, இந்த வருசம் நான் ரதி கட்டுறேம்மா. அந்தச் சேல வேணும்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தாள். உள்ளே போனாள். உன் மகள்தான் சேலையைக் கொண்டுவந்து தந்தாள். இனி அவள் அம்மா கட்டப்போகாத சேலை அது.

மன்மதன் எரிந்ததும் ரதி அழுகிற இடத்தில், மாஸ்டர் சொல்லித் தந்த பாட்டில் ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. "மாப்ள, மாப்ள" என்று கத்தினேன். தப்படித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரதி மன்மதனை மாப்ள என்று கூப்பிட்டதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போல மன்மதனை எழுப்பினார்கள். உன்னை யார் எழுப்புவது?

நேற்றுக் காப்பை ஆற்றில் விட்டதும், துவைத்து மடித்த சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜோதி அதை வாங்கி வைத்துவிட்டு, சாமிப் படத்தடியிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து வந்தாள். "கைய நீட்டுங்கண்ணே" என்றாள். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த அண்ணே! கயிறு சதையில் பதிகிற மாதிரி இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவரு கையிலயும் நீங்க இப்படி இன்னொரு முடிச்சு போட்டிருக்கலாம்லண்ணே?"

உனக்கு ஒன்று சொல்கிறேன், மாப்ள. இந்தக் கயிறு அடுத்த காமன் வரைக்கும். நீ தாண்டப் பார்த்த அந்தத் தீபாவளியை இந்த வருஷம் நான் தாண்டுவேன். இறைச்சி வெட்டுகிற கத்தியை வேறு யாராவது பிடிக்கட்டும்.

உன் ஜோதிக்கு இனியாவது அண்ணனாக இருக்கப் பார்க்கிற,
உன் மச்சான்
முருகேசு