முடிப்புச் சொல் இல்லாத பாட்டு

பைமோனின் அப்பாவுக்கு,

கல்லூரியில் எனக்குக் காதல் கடிதம் எழுதிய நம் சயாம் நாட்டு எட்டசைப் பாட்டில்தான் இதையும் எழுதியிருக்கிறீர்கள். மரபுப்படி முதல் அடியை விட்டுவிட்டு, ஓர் இயைபுகூடத் தவறாமல், குழந்தை பைமோனை உங்கள் அம்மாவிடம் அனுப்பச் சொல்லி, கடைசியில் ‘ஏயி’ என்ற முடிப்புச் சொல்லையும் போட்டுவிட்டீர்கள்.

இன்று உங்கள் அக்கா நாங்கள் இருக்கும் பெட்சபுரிக்கே வந்துவிட்டார்.

“தம்பி ஏயி போட்டுட்டானேம்மா. அதுக்கு மேல ஒரு அடிகூடச் சேர்க்கக் கூடாதுன்னு படிச்ச உனக்குத் தெரியாதா? புள்ளையோட துணிய எடுத்து வை.”

“பாட்டுதான் முடிஞ்சுதுக்கா. புள்ளைக்கு இப்பதான் பல்லு முளைக்குது,” என்றேன். தான் கொண்டுவந்த வாழைப்பழத்தைப் பைமோனுக்கு மசித்து ஊட்டிவிட்டு, தனியாகத்தான் திரும்பிப் போனார்.

அவளுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக அனுப்ப மாட்டேன்.

முந்தைய பாட்டின் கடைசி ஓசையை அடுத்த பாட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதிதானே? நீங்கள் கதவைச் சாத்திய அந்த ‘ஏயி’யின் ஓசையையே பிடித்து நான்கு அடி எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். என் பாட்டுக்கு முடிப்புச் சொல் போடவில்லை. போட வேண்டுமென்றால் நேரில் வந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

இப்படிக்கு,
அவளை விடாதவள்