தெருவுக்கு இது சைனஸ்

பிப்ரவரி 3

ரயிலில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகனாக இருந்து பொய்யர்களைப் பிடித்தவன் நான். இன்று என் வீட்டிலேயே ஒரு பொய் உற்பத்தியானது. மூக்குக்குப் பின்னால் புற்றுக்கட்டி, கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிப் படியிறங்குவதற்குள் என் மனைவி ஸக்கியா முடிவெடுத்துவிட்டாள்: தெருவுக்கு இது சைனஸ். துனிசியாவின் இந்த ஸ்ஃபாக்ஸ் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘அந்தக் கெட்ட வியாதி’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி.

பிப்ரவரி 9

ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் ரவ்தா மூன்று சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிட்டார். புண் ஆறிய பிறகுதான் கதிர்வீச்சாம். அதற்கப்புறம் ஆயுசுக்கும் கண்டபடி பல் பிடுங்கக் கூடாது. கதிர் பட்ட தாடை எலும்பு ஆறாது, அழுகிப்போகலாம் என்றார்.

“வேற எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க ஐயா.”

பலமாகத் தலையாட்டினேன். டிக்கெட் எடுக்காதவனும் இப்படித்தான் ஆட்டுவான்.

பல் போனதற்கு ஸக்கியா தெருவில் தந்த விளக்கம்: சைனஸ் பல்லுக்கு இறங்கிவிட்டது. நம்பினார்கள்!

மார்ச் 12

கதிர்வீச்சு பதினொன்றாம் நாள். வாயெல்லாம் புண். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது இல்லாமல் சாப்பிடுகிறேன் — இந்த ஊரில் இதைவிடப் பெரிய நோய் உண்டா? பார்க்க வருகிறவர்கள் யூகலிப்டஸ் இலையோடு வருகிறார்கள். ஆளுக்கொரு சைனஸ் வைத்தியம். எல்லாருக்கும் நன்றி சொல்லித் தொண்டை வற்றுகிறது.

அக்டோபர் 17

கட்டி கரைந்துவிட்டது. கதிர் பட்டதில் எச்சிலும் வற்றிவிட்டது. இப்போது வலது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது. பல் சொத்தையாகாமலிருக்க ரவ்தா கொடுத்த ஃபுளோரைடு களிம்பை ஒழுங்காகப் போட்டேனா? இல்லை. போனால் திட்டுவார். அதுவுமில்லாமல், அந்த ஆஸ்பத்திரி வாசலில் தெருக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

அக்டோபர் 18

வலி. கஞ்சிகூட இறங்கவில்லை.

அக்டோபர் 19

தெருமுனையில் புதிதாகத் திறந்த பல் கிளினிக்குக்குப் போனோம். மருந்து தந்து அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தோம். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தெரு. கன்னம் வீங்கிய மீன்கடை ஹமாதியும் இருந்தான். படிவத்தில் ‘வேறு நோய்கள்’ என்ற இடத்தில் சைனஸ் என்று எழுதினேன். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அதுதான் வெட்கம்.

சின்ன வயது டாக்டர். பார்த்தார், பிடுங்கிவிடலாம் என்றார், ஊசி போட்டார், பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். ரவ்தா சொன்னது மறந்துபோச்சா? மறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். வாயைப் பிளந்தபடி கிடந்தேன், வார்த்தை வரவில்லை. முட்டாப்பய நான்.

வெளியே வரவேற்பிலிருந்த பெண் ஸக்கியாவிடம், உங்களவருக்குப் பல் எடுக்கிறார்கள் என்றிருக்கிறாள். கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள் ஸக்கியா.

“கையை எடுங்க டாக்டர். இவருக்குப் புற்றுநோய். தாடைக்குக் கதிர் வச்சிருக்கு. பல்லை எடுத்தா எலும்பு அழுகிடும்.”

கதவு திறந்தே கிடந்தது. வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ரவ்தாவுக்குப் போன் போட்டார். வீடு வரும்வரை ஸக்கியா அழுதாள். நானும்தான்.

அக்டோபர் 20

ரவ்தா திட்டினார். பல்லைப் பிடுங்காமல், வேருக்கு மட்டும் வைத்தியம் தொடங்கியிருக்கிறார். நாளையும் வரச் சொன்னார். தாடை பிழைத்தது.

அக்டோபர் 21

காலையில் ஹமாதி வந்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“அண்ணே, எனக்குப் போன வருஷம் காதுல சீழ்னு சொன்னோமே... அது சீழ் இல்ல. முப்பத்து மூணு தடவை கதிர் வச்சாங்க. அன்னிக்கு உங்களுக்கு அடுத்து எனக்குத்தான் பல் எடுக்கிறதா இருந்துச்சு. அக்கா சொன்னதைக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.”

இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்குக் கொல்லைச் சந்து வழியாகத்தான் என்னைக் கூட்டிப்போவாள் ஸக்கியா. இன்று முன்கதவைத் திறந்தாள். மூன்று பேரும் ரவ்தாவிடம் நடுத்தெருவில் நடந்து போனோம்.